தயிர்சாதத்தில் பத்திக்குச்சி

காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு நான்தான் மிஸ். அந்த வருஷம் ஒரு ஜப்பான் பெண் வந்து சேர்ந்தாள். ஒரு மாதமாகியும் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பிள்ளையும் அவளைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. மாடிப்படியில் ஆயாவோடுதான் சாப்பிடுவாள். வாரம் ஒரு சாவு சொல்லி லீவு எடுக்கிற ஆயா. அவரிடமிருந்து அவளுக்குக் கொஞ்சம் கன்னடமும் ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு பள்ளி பார்க்கப்போவதாக அவள் அம்மா சொன்னதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

'ஜப்பான் சாப்பாட்டு நாள்' என்று அறிவித்தேன். போனில் ஐந்து நிமிடம் பார்த்ததில் நான் பெரிய நிபுணர். முதலில் கைகூப்ப வேண்டும், பிறகு குச்சியால் சாப்பிட வேண்டும். குச்சிக்கு எங்கே போவது? ஜீவனஹள்ளியில் ஊதுபத்தி உருட்டும் ஒரு அம்மா, மாவு தடவாத பத்திக்குச்சியைக் கட்டாக என் வகுப்பில் படிக்கும் மகளிடம் கொடுத்தனுப்பினார்.

அன்று பார்த்து எல்லார் டப்பாவிலும் தயிர்சாதம்.

"மிஸ், கை கூப்பணும்னா குச்சிய எங்க வெக்கறது?"

"எங்கயாவது வையேன்" என்றேன் எரிச்சலில்.

பத்திக்குச்சியை எப்படி வைப்பது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லியா தர வேண்டும்? நாற்பது டப்பாவிலும் சாதத்தின் நடுவில் நட்டார்கள். கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். ஒருத்தி கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டாள்.

மாடிப்படியிலிருந்து கூப்பிட்டனுப்பியிருந்த ஜப்பான் பெண் அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்துவிட்டது.

"யாரு சத்தோத்ரு?" என்றாள், ஆயாவின் கன்னடத்தில்.

யார் செத்துப்போனது என்று கேட்கிறாள். அவர்கள் ஊரில் சாதத்தில் குச்சி நடுவது செத்தவருக்குப் படைக்கத்தானாம். யாரும் சாகவில்லை, எல்லாம் மிஸ் சொல்லித்தான் என்று வகுப்பே கன்னடத்தில் என்னைக் காட்டிக்கொடுத்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எனக்கு மானம் போனது, உயிரும் வந்தது.

பெஞ்சு பெஞ்சாகப் போய் ஒவ்வொரு குச்சியாகப் பிடுங்கினாள். கடைசி டப்பா ஜீவனஹள்ளிக்காரியுடையது. "ஒக்காரு" என்று அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். இருவரும் கையால்தான் சாப்பிட்டார்கள்.

மறுநாள் மாடிப்படியில் ஆயா மட்டும் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்.

"மிஸ், எங்க நம்ம ஜப்பான் ஹுடுகி, லீவா?"

"இல்ல, உள்ள பொண்ணுங்களோட சாப்பிடறா."

"நல்லதாச்சு" என்று டப்பாவை மூடினார். சாயந்தரம் வந்து, வீட்டில் ஒரு சாவு, நாளைக்கு லீவு வேண்டும் என்றார். யார் என்று நான் கேட்கவில்லை.