பூஜையில் வைத்த துப்பாக்கி

அறுபதுகளில் முசரவாக்கத்தில் எங்கள் அப்பா ஒருவரிடம்தான் துப்பாக்கி இருந்தது. தென்னேரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். அங்கே போய்த் திரும்பும் வழியில் ஒருமுறை அவரை அடித்துப் போட்டுவிட்டு, கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு லைசென்ஸ் வாங்கினார். வீட்டுக்குள் தோட்டா போட மாட்டார். ஆள் நடமாட்டம் உள்ள இடம் வந்தால் தோட்டாவை உருவிவிட்டு, குழலை மடக்கித் தோளில் போட்டுக்கொள்வார். சின்ன காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களுக்கு அது பெரிய கேலி.

"என்னாபா, உன் துப்பாக்கி வாயப் பொளந்துக்கினு வருது?"

"காலியா இருக்குதுன்னு உங்களுக்குத் தெரிய வேணாவா?" என்பார். வேறு யார் கையிலும் அதைக் கொடுக்க மாட்டார், கூடப்பிறந்த தம்பி கையில்கூட.

ஒரு ஆயுத பூஜையன்று கலப்பை, அரிவாளோடு துப்பாக்கிக்கும் அம்மா சந்தனம் குங்குமம் வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுப்போம். மத்தியானம் தென்னேரியிலிருந்து ஆள் வந்தது. சித்தப்பாவின் மாமனாருக்கு உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. சித்தி ஏற்கெனவே அங்கேதான் இருந்தாள். சித்தப்பா வண்டி கட்டினார். கூடப் போகக் கிளம்பிய அப்பா துப்பாக்கியை எடுக்கக் கை நீட்டினார்.

"அத்தத் தொடாதீங்க, சாமிகிட்ட வெச்சது. ஒரு நாளு இல்லாம போனா என்னா ஆயிடும்?" என்றாள் அம்மா.

அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

இருட்டும் நேரத்தில் ஏரிக்கரையில் வழிமறித்தார்கள். அப்பாவுக்குக் கை உடைந்தது. சித்தப்பா மண்டையில் பட்ட ஒரே அடியில் போய்விட்டார்.

சாவுக்கு வந்தவர்களெல்லாம் துப்பாக்கி எங்கே என்றுதான் கேட்டார்கள். ஊர் வாய்க்கு இழவு வீடும் ஒன்றுதான், கல்யாண வீடும் ஒன்றுதான். "அவசரத்துல மறந்துட்டேன்" என்றார் அப்பா. சித்தியின் அண்ணன் அவர் காலடியில் காறித் துப்பினார். அப்பா தலை நிமிரவில்லை. அம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சித்தி எங்களோடுதான் இருந்தாள். சில வருடங்களில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த அன்று அம்மா சித்தியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு மறக்கலமா. நான்தான் எடுக்க வேணாம்னேன்."

"தெரியும்க்கா" என்றாள் சித்தி. "மாமா மறக்கற ஆளா? அத உன் வாயால கேக்கணும்னுதான் இத்தினி வருஷம் உன் கையால சாப்ட்டுக்கினு இருந்தேன்."

மறுநாள் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மா தடுக்கவில்லை.