துப்பியதும் விழுங்கியதும்: போர்தோவில் ஒரு நாள்

சென்ற வருடம், 1958 செப்டம்பரில், நான் பிரான்ஸில் போர்தோ போனது திராட்சைத் தோட்டம் பார்க்க அல்ல. திருச்சியில் ஒரு கல்லூரியில் பிரெஞ்சு கற்பிக்கிறேன். பயிற்சிக்காகப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். புறப்படும்போது ஸ்ரீரங்கத்தில் அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள்.

"சம்பத்து அங்க குடிக்கறானான்னு பார்த்துண்டு வா. குடிக்கலேன்னா தைக்கு வந்து அப்பா திவசத்தைப் பண்ணட்டும். குடிக்கறவன் கையால உங்கப்பா பிண்டம் வாங்கமாட்டார்."

சம்பத் என் ஒரே தம்பி. போர்தோ பக்கம் ஒரு பழைய ஒயின் பண்ணையில் ஆறு வருடமாக வேலை. அப்பாவின் திவசத்தை இதுவரை பெரியப்பா பிள்ளைதான் செய்துவருகிறான்.

பாரிஸிலிருந்து போர்தோவுக்கு இரவு ரயிலில் ஐந்து மணி நேரம். அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி. வழியெல்லாம் மழை. நம் ஊர்போலப் பந்தல் கிடையாது. இடுப்புயரத் திராட்சைக் கொடிகள் வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. பண்ணை வீட்டின் கல்சுவரில் ஈரம் பாதிவரை ஏறியிருந்தது.

பீப்பாய்கள் இருக்கும் அறைக்குச் சம்பத் அழைத்துப்போனான். கண்ணாடிக் குழாயால் சிவப்பு ஒயினை எடுத்துக் கிளாஸில் விட்டான். முதலாளிக் கிழவர் ஒரு வாய் எடுத்து, உருட்டி, தரையிலிருந்த கால்வாயில் துப்பினார். அதே கிளாஸை வாங்கித் தம்பியும் அப்படியே செய்தான். எச்சில் கிளாஸ்! ஸ்ரீரங்கத்துக்காரி நான் ஓரடி பின்வாங்கினேன்.

"என்னடா இது?"

"இதான்க்கா உத்தியோகம். நாள் முழுக்க ருசி பார்க்கணும். முழுங்கினா சாயங்காலம் என்னையே பீப்பாய்ல அடைச்சுடுவா."

சிரித்துவிட்டேன். தையில் அவனை எங்கள் வீட்டு வாசலில் பார்ப்பதுபோலவே இருந்தது.

மதியம் சாப்பாட்டு மேசையில் எனக்கு ரொட்டியும் உருளைக்கிழங்கும் வைத்தார்கள். அவன் கிளாஸில் ஒயின் ஊற்றினார்கள். குடித்தான். விழுங்கினான்.

"துப்பலையாடா?"

"சாப்பிடற இடத்துல துப்பினா அடிக்க வருவா." பிறகு தட்டைப் பார்த்தபடியே, "அம்மாட்ட காலம்பற பார்த்ததை மட்டும் சொல்லேன்" என்றான்.

நான் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும், திருச்சி ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குக் குதிரைவண்டி ஒன்றரை ரூபாய். "அந்தச் சீமையில தண்ணி தாராளமாமேம்மா? இங்க வாசம் வந்தாலே உள்ள தள்ளிடறாங்க" என்றார், நான் போய்வந்த ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட வண்டிக்காரர். காவேரிப் பாலம் முழுக்க அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வேலைக்காக வாய்ல விட்டுண்டு துப்பறான்மா."

"துப்பறதுக்கா அவ்வளவு தூரம் போனான்?" வெகுநாள் கழித்துச் சிரித்தாள். அப்புறம் கேட்டாள்: "சாப்பிடறப்போ?"

"குடிக்கறான்."

நறுக்கியதை எல்லாம் தண்ணீரில் போட்டுவிட்டு, "பெரியப்பா பிள்ளைக்குச் சொல்லி அனுப்பு" என்றாள்.

போகிறவர்களுக்கு: செப்டம்பர் கடைசி நல்ல சமயம்; குடை அவசியம். ருசி பார்த்துத் துப்புவது அங்கே மரியாதைக் குறைவல்ல. நம் மதராஸ் ராஜ்யத்தில் மதுவிலக்கு இருப்பதால் பாட்டில் கொண்டுவர நினைக்கவேண்டாம். வீட்டில் யாராவது ஒரு கேள்வியோடு காத்திருந்தால், மதியச் சாப்பாட்டுக்கு உட்காராதீர்கள். பன்னிரண்டு மணிக்குத் திரும்ப ஒரு பஸ் இருக்கிறது.