துரை ஒரு சுற்றுச் சுற்றித்தான் வருவான்

அந்தத் தெருவில் அவளுடைய சொந்தப் பெயர் தபால்காரருக்குக்கூட மறந்துபோய்விட்டது. புள்ளியம்மா என்றால்தான் தெரியும். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி வைத்த டால்மேஷன் நாய்களை வளர்த்து, குட்டி எடுத்து, விற்று, அதிலேயே தலை நரைத்தவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவள் புருஷன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். "எனக்கும் உடம்புல நாலு புள்ளி இருந்திருந்தா இவ என்னையும் கொஞ்சம் கவனிச்சிருப்பா" என்பார். இதையே வருஷக்கணக்காகச் சொல்லி, கேட்கிறவர்கள் அவருக்கு முன்னாலேயே சொல்லி முடித்துவிடுகிற நிலைமைக்கு வந்திருந்தார்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வேலையில் அவள் கெட்டிக்காரி. பின்கட்டு அறையில் குட்டி போடுவதற்கென்றே ஒரு மரப்பெட்டி. உள்ளே நாலு பக்கமும் சுவரை ஒட்டிக் கட்டை அடித்திருப்பாள். தாய் அசந்து சாய்ந்தாலும் குட்டி அந்தக் கட்டைக்கு அடியில் பிழைத்துக் கிடக்கும். தினம் காலையில் காய்கறித் தராசில் ஒவ்வொரு குட்டியாக எடை போடுவாள். எடை ஏறாத குட்டியைத் தூக்கிப் பின்னங்கால் பக்கத்து முலையில் வைப்பாள், அங்கேதான் பால் அதிகம் என்று. ஈரலை மட்டும் வீட்டுக்குள் விடமாட்டாள். இந்த ஜாதிக்கு ஈரல் ஒத்துக்கொள்ளாது, மூத்திரத்தில் கல் கட்டிவிடும். விஷயம் தெரியாத கொழுந்தன் ஒருமுறை ஆசையாக ஈரல் வாங்கி வந்து, வாங்கிய வசவில் ஒரு வருஷம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

காது சோதனைக்கு அவளிடம் ஓர் எவர்சில்வர் தட்டு இருந்தது. டால்மேஷனில் சில குட்டிகள் செவிடாகப் பிறக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் குட்டிகளுக்கு ஒரு மாதம் ஆனதும் பின்னால் போய் நின்று தட்டை நச்சென்று தரையில் போடுவாள். அத்தனையும் துள்ளிக் குதிக்கும். "பாத்தியா, எல்லாம் பாம்புக் காது" என்று புருஷனைப் பார்ப்பாள். அவருக்குத்தான் காதைப் பொத்திக்கொள்ள நேரம் இருக்காது.

இத்தனைக்கும் மூலம் துரை. ஒருகாலத்தில் அவள் தையல் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வெளிநாடு போன மேலாளர் தன் பெட்டை நாயை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். அந்தப் பெட்டையின் குட்டிதான் துரை. வளர்ந்ததும் நாய்க் கண்காட்சிக்குக் கூட்டிப்போனாள். மற்ற நாய்கள் எல்லாம் கூப்பிட்டதும் அம்பாகப் பாய்ந்தன. துரை அப்படிப் பாயவில்லை. தலையை நிமிர்த்தினான், நின்ற இடத்திலேயே முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினான், பிறகுதான் அவளிடம் நடந்து வந்தான். நடுவர் சிரித்துவிட்டார். "என்னம்மா இது, சபையைப் பார்த்து வணக்கம் வெச்சுட்டு வர்றான்? பேருக்கு ஏத்த துரைதான்" என்று கோப்பையைக் கையில் கொடுத்தார்.

பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, தையல் கம்பெனியிலும் சரி, நாலு பேர் முன்னால் அவளை யாரும் அதுவரை மெச்சியதில்லை. அந்த ஒரு வார்த்தை அவளுக்கு ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஈற்றிலும் கூப்பிட்டதும் நேரே ஓடி வருகிற குட்டிகளை விற்றாள். துரையைப் போலச் சுற்றி வருகிற குட்டி பிறந்தால், கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டித் தனக்கென்று நிறுத்திக்கொண்டாள். துரைச்சுற்று என்று அதற்குப் பெயரும் வைத்தாள். அந்தச் சுற்று கைவிட்டுப் போகாமல் இருக்க, வளர்ந்த சிவப்புக் கயிற்றுப் பெட்டையைத் துரையோடேயே சேர்த்தாள். துரையின் மகள் செல்லி இரண்டு ஈற்றுப் போட்டது அப்படித்தான். வெளி ரத்தம் உள்ளே கலக்கக்கூடாது என்பது அவள் கட்சி.

இப்போது செல்லியின் இரண்டாவது ஈற்றுக் குட்டிகள் பின்கட்டில் ஓடித் திரிந்துகொண்டிருந்தன. அதில் ஒரு குட்டிக்குச் சிவப்புக் கயிறு கட்டியாகிவிட்டது. ஊரிலேயே பெரிய நாய்ப்பண்ணை வைத்திருக்கும் பங்களாக்காரர் தன் பெட்டைகள் எல்லாவற்றுக்கும் துரைதான் வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார். இனி நல்ல டால்மேஷன் என்றால் துரையின் வம்சம் என்று பேச்சு வரும். அந்தக் கனவிலேயே அவளுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கணக்கு டீச்சர் வந்தாள். இந்த ஈற்றிலேயே முதல் குட்டியை வாங்கிப்போனவள். குட்டியை மார்போடு அணைத்தபடி வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, பேர் சொல்லிக் கூப்பிட்டா இது திரும்பறதே இல்லக்கா. நேத்து எங்க வீட்டுக்காரர் காரைப் பின்னால எடுக்கறார், இது சக்கரத்துக்குப் பின்னாலேயே படுத்துத் தூங்குது. ஹார்ன் அடிச்சோம், கத்தினோம், அசையல. நான் ஓடிப்போய் காலைப் பிடிச்சு இழுத்தேன்."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. புள்ளியம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"தட்டு போட்டுப் பாத்துதான் குடுத்தேன் டீச்சர். என் வீட்டுக் குட்டிக்குக் காதுல குறை வராது. கூப்பிடறவங்க குரல்ல பாசம் இருந்தா நாய் தானா திரும்பும்."

சொல்லியிருக்கக்கூடாத வார்த்தை. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் குறை சொல்ல வரலக்கா. இதை எப்படிக் கூப்பிடறதுன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றாள்.

அதற்குமேல் ஒன்றும் பேசாமல் இருந்திருக்கலாம். புள்ளியம்மாவின் வாய் சும்மா இருக்குமா? "வாங்க, டாக்டரம்மாகிட்டயே போவோம். காது பாக்கற மெஷின் வந்திருக்காம். துரையையும் கூட்டிட்டு வர்றேன். அப்பன் காதையும் புள்ள காதையும் சேத்தே பாக்கட்டும்" என்று புருஷனை வேனை எடுக்கச் சொன்னாள்.

கால்நடை டாக்டரம்மா முதலில் குட்டிக்குத்தான் பார்த்தார். தலையில் மெல்லிய கம்பிகளை ஒட்டி, காதுக்குள் ஒரு குமிழை வைத்தார். அதற்குள் டிக் டிக் என்று சத்தம் போகுமாம். காது கேட்டால் திரையில் கோடு மேடும் பள்ளமுமாக எழும்பும். குட்டியின் வலது காதுக்குக் கோடு எழும்பவில்லை. இடது காதுக்கும் எழும்பவில்லை.

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றாள் புள்ளியம்மா. "துரைக்கு வெச்சுப் பாருங்க, அப்பத் தெரியும் உங்க மெஷின் லட்சணம்."

துரை சமர்த்தாக மேஜைமேல் படுத்துக்கொண்டான். வலது காதில் குமிழை வைத்ததும் கோடு மேடு பள்ளமாக எழுந்தது. புள்ளியம்மா டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டரம்மா குமிழை இடது காதுக்கு மாற்றினார். கோடு படுத்துக்கொண்டது. அவர் கம்பியை எடுத்துத் துடைத்து, திரும்ப ஒட்டினார். சத்தத்தைக் கூட்டினார். கோடு அசையவே இல்லை.

"இவனுக்கு இடது காது பிறவியிலேயே கேக்காதும்மா."

"தட்டு போட்டுப் பாத்தேனே டாக்டரம்மா."

"தட்டு விழுந்தா தரை அதிரும். ஒரு குட்டி துள்ளினா பக்கத்துல இருக்கறதும் துள்ளும், ஒண்ணு ஓடி வந்தா அதுவும் கூடவே ஓடி வரும். ஒரு காது மட்டும் இருந்தாலும் துள்ளும். தட்டை வெச்சு இதைக் கண்டுபிடிக்க முடியாது." டாக்டரம்மா கம்பிகளைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "ஒரு காது மட்டும் கேக்கற நாய்க்குச் சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு புரியாது. கூப்பிட்டா ஒரு சுத்து சுத்தித் தேடிட்டுத்தான் வரும். நீங்க கவனிச்சதில்லையா?"

புள்ளியம்மா துரையைப் பார்த்தாள். கேட்டது புரிந்தது, புரிந்ததை நம்ப முடியவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கோப்பை, நடுவரின் சிரிப்பு, கைதட்டல், எல்லாம் மண்டைக்குள் கிர்ரென்று சுற்றியது.

"இனவிருத்திக்கு எந்தக் குட்டிகளை வெச்சுக்கறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"சுத்தறதை" என்றாள் அவள்.

வேன்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அறையில் ஒருவரும் அவளைத் திட்டவில்லை. யாராவது திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. நல்ல காது உள்ளதையெல்லாம் விற்று, செவிட்டுக் காதைப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து, ஒன்றோடு ஒன்றைக் கூட்டி, கடைசியில் இரண்டு காதும் கேட்காத ஒரு ஜீவனை இந்தப் பெண்ணின் கையில் கொடுத்திருக்கிறாள். தெரியாமல் நடந்ததென்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. பார்த்துப் பார்த்துச் செய்தது.

வேனில் ஏறும்போது, "டீச்சர், குட்டியை நானே திருப்பி எடுத்துக்கறேன். அப்ப நான் சொன்ன வார்த்தையை மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

"திருப்பிக் குடுக்க வரலக்கா" என்றாள் டீச்சர். "எப்படிக் கூப்பிடறதுன்னு இன்னும் நீங்க சொல்லல."

புள்ளியம்மா குட்டியின் தலையைத் தடவிக்கொடுத்தாள். "காலால தரையைத் தட்டுங்க. அதிர்வு தெரிஞ்சா திரும்பும். திரும்பினதும் கையை இப்படி நெஞ்சோட வெச்சுக் காட்டுங்க. தூங்கறப்போ தொட்டு எழுப்பாதீங்க, மூக்குக்கிட்ட கையைக் கொண்டு போங்க, வாசனையில தானா முழிச்சுக்கும். கயிறு இல்லாம வாசல் தாண்ட விடாதீங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். டீச்சர் ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பின்கட்டுக்குப் போய்க் குட்டிகளைக் கூப்பிட்டாள். எல்லாம் முட்டிமோதிக்கொண்டு அவள் காலடிக்கு வந்தன. சிவப்புக் கயிறு கட்டிய குட்டி மட்டும் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. போன வாரம் இதைப் பார்த்துத்தான் தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள். இப்போது குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக் கயிற்றை அறுத்தாள்.

பங்களாக்காரருக்கு அவளே போன் போட்டாள்.

"ஐயா, துரையை அனுப்ப முடியாது. அவனுக்கு ஒரு காது கேக்காது."

"ஒரு காதுதானேம்மா, வெளிய யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் அவர்.

"எனக்குத் தெரியாமத்தான் அவன் குட்டி ஒண்ணு கார் சக்கரத்துக்கிட்ட தூங்கிட்டிருந்தது ஐயா. அவன் வித்து இனி எங்கயும் போகாது. இந்தக் குட்டிகளையும் காது பாக்காம ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். பிறகு முன்னால் குட்டி வாங்கியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். சிலர் ஏசினார்கள், கேட்டுக்கொண்டாள்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது துரை முன்வாசலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். "துரை" என்றாள்.

அவன் சடாரென்று எழுந்தான். தலையை நிமிர்த்தினான். சுவரைப் பார்த்தான், அங்கே அவள் இல்லை. தெருக் கதவைப் பார்த்தான். வேன்காரரைப் பார்த்தான். கடைசியில் அவள் முகம் கண்ணில் பட்டது. பட்ட பிறகுதான் வாலை ஆட்டினான். இத்தனை வருஷமாக அவள் கைதட்டி ரசித்தது, ஒவ்வொரு தடவையும் அவன் அவளைக் காணாமல் தேடியதை.

"ஐயோ, என் கண்ணு" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு அவள் அவனை எட்ட நின்று கூப்பிட்டதில்லை. எதிரில் போய், அவன் கண்ணில் படும்படி நின்றுகொண்டு கூப்பிடுகிறாள். துரை சுற்றாமல் நேரே அவளிடம் வருகிறான்.