பலகை தொங்காத பூட்டு

பூட்டு சார். பிறப்பு 1948, மறைவு 2022. பெற்றோர் வைத்த பெயர் ஓய்வூதியப் புத்தகத்தில் இருந்தது என்றாலும், அதைச் சொல்லி அவரை அழைத்தவர் யாரும் கடைசிக் காலத்தில் உயிரோடு இல்லை. அலுவலகத்தில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் தெருவுக்கு வந்து, படியேறி, மனைவியின் வாய்க்கும் பழகிப்போயிற்று.

அவர் மின்தூக்கி ஆய்வாளர். குடியிருப்புகள், மருத்துவமனைகள், கிடங்குகள் என்று ஏறி இறங்கி, இரும்பு வடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு முழுதாகச் சாத்துமுன்பே கூண்டு நகர்கிறதா என்று பார்த்துச் சான்று கொடுப்பது வேலை. சிறு குறை தென்பட்டால் மற்ற ஆய்வாளர்கள் ஒரு வாரம் தவணை கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். இவர் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுப் பெட்டியில் பித்தளைப் பூட்டை மாட்டி, ‘இயங்காது’ என்ற பலகையைத் தொங்கவிட்ட பிறகுதான் இடத்தை விட்டு நகர்வார். கெஞ்சியவர்களுக்கும் சண்டைக்கு வந்தவர்களுக்கும் பதில் ஒன்றே.

“சந்தேகம்னா நிறுத்து. நின்ன லிஃப்ட் யாரையும் கொன்னதில்லை.”

ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் இப்படிப் பூட்டிவிட்டு இறங்கியபோது, படிக்கட்டின் அடியில் ஒரு பெண்மணி வழிமறித்தாள். உச்சி மாடியில் மூச்சிரைப்போடு கிடந்த கணவனுக்கு மருந்து வாங்கிவந்தவள்.

“நின்ன லிஃப்ட் யாரையும் கொல்லாதுன்னு சொல்றீங்களே, அதை மேல வந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க சார்.”

இந்தக் கதையை அவரே வீட்டில் சிரித்தபடி சொன்னார். மனைவி சிரிக்கவில்லை.

“அந்தம்மாவுக்கு என்ன பதில் சொன்னீங்க?”

“பலகையைக் காட்டினேன்.”

“பேஷ்” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுப்பவளாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆயுள் முழுவதும் பிறர் குரலைப் பிறரிடம் சேர்த்தவளுக்கு வாய் சும்மா இராது. இருவரும் குடியிருந்த கட்டடத்துக்கு மின்தூக்கி கிடையாது. “தேடிப்பிடிச்சுக் குடிவந்தீங்களா சார்?” என்று கீழ்வீட்டுத் தையற்காரர் சீண்டினால், “இருந்திருந்தா மட்டும்? பூட்டியிருப்பாரு, எல்லாரும் நடந்துதான் போயிருப்போம். இவர் பூட்டாத ஒரே பொருள் என் வாய்தான்” என்பாள் அவள்.

ஓய்வுக்குப் பிறகு அவளுக்குக் கண் அழுத்த நோய் வந்தது. வந்தது என்பதைவிட, வந்திருந்தது என்பதே சரி. வலி இல்லை, சிவப்பு இல்லை. கண்டுபிடிப்பதற்குள் வலக்கண் போய்விட்டது. இடக்கண்ணில் நடுப்பார்வை மட்டும் மிச்சம். ஒரு குழாயை வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றாள். சொட்டு மருந்துக்கு அழுத்தம் இறங்க மறுத்தது. அறுவை செய்தால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனதை மீட்க முடியாது என்று மருத்துவர் விளக்கினார். அந்த அறுவையைச் செய்யும் நிபுணர் ஒருவரே, வரிசையோ நீளம். நடுவில் எவருடைய இடமாவது காலியானால் முன்கூட்டியே கூப்பிடுவோம், மறுநாள் மாலைக்குள் உறுதி செய்ய வேண்டும், தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று வரவேற்பு முகப்பில் இருந்த பெண் சொல்லியனுப்பினாள். தகவல் தொலைபேசியிலும் வரும். மருத்துவமனையின் இணையதளத்தில், நோயாளிக்கென்று இருக்கும் பக்கத்திலும் வரும்.

ஆக, வீட்டில் இருந்த ஒரே செல்வம் அந்த இடக்கண். அதை வைத்துக்கொண்டு அவள் ஒரு தொடர்கதை படித்துவந்தாள். வார இதழ் ஒன்று தன் இணையதளத்தில் வெளியிட்ட நீண்ட கதை. மகள் வாங்கி அனுப்பிய பெரிய திரையைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கி, மூக்கு முட்டும் தூரத்தில் அமர்ந்து படிப்பாள்.

படிக்க விட்டால்தானே! வரிக்கு நடுவே ஒரு செருப்பு விளம்பரம் நுழையும். ஓரத்தில் ஒருத்தி கூந்தலை ஆட்டுவாள். குழாய்ப் பார்வையில் ஒருமுறை வரி தப்பினால் மறுபடி பிடிக்க அவளுக்குப் பெரும்பாடு. ‘தொடர்ந்து படிக்க’ என்று எழுதிய பொத்தானை நம்பி அழுத்தினால் அது கடன் கொடுக்கும் கடைக்கு இட்டுச்செல்லும்.

“ஏங்க, இதோ பாருங்க. கதாநாயகி அழுதுட்டிருந்தா. இப்ப திடீர்னு அவளுக்கு மூட்டுவலித் தைலம் விக்கிறாங்க.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்த கண்ணில் நீர் வழிந்ததை அவர் பார்த்துவிட்டார். அன்றே வெளியூரில் வேலை பார்த்த மகளுக்குத் தொலைபேசினார். அவள் அங்கிருந்தபடியே வழிசொல்லி, உலாவியில் விளம்பரத் தடுப்பான் ஒன்றை நிறுவ வைத்தாள்.

தடுப்பானுக்குள் வடிகட்டிப் பட்டியல்கள் இருந்தன. முகம் தெரியாத ஆட்கள் எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு, ‘இந்த முகவரியிலிருந்து வருவதை உள்ளே விடாதே, இந்தப் பெயருள்ள பெட்டியைக் கண்ணில் காட்டாதே’ என்று வரிவரியாக எழுதித் தொகுத்த கட்டளைகள். விளம்பரத்துக்கு ஒன்று, பின்தொடர்ந்து வேவு பார்க்கும் நிரல்களுக்கு ஒன்று, மோசடித் தளங்களுக்கு ஒன்று, மொழிவாரியாகச் சில. கடைசியில் ‘தொந்தரவுகள்’ என்ற தலைப்பில் ஒரு கொத்து. மகள் முதல் இரண்டை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னாள்.

“மீதி?”

“வேணாம்ப்பா. எல்லாத்துக்கும் டிக் போட்டா ஏதாவது பக்கம் உடைஞ்சிடும்.”

“உடைஞ்சா சரிபண்ணிக்கலாம்.”

“உடைஞ்சதே தெரியாதுப்பா. அதான் பிரச்சினை.”

“எனக்கா தெரியாது? முப்பது வருஷம் எதைப் பார்த்துட்டு வந்தேன்?”

“சரி, பூட்டு சார்” என்று மகள் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

இரண்டு பட்டியல்களே பெரும் நிம்மதி தந்தன. செருப்பும் கூந்தலும் ஒழிந்தன. எஞ்சியது, பக்கத்தின் அடியிலிருந்து எழும்பும் பட்டை. செயலியை இறக்கிக்கொள், அறிவிப்புக்கு அனுமதி கொடு, குக்கீயை ஏற்றுக்கொள் என்று ஓயாமல் கேட்கும். எழுத்தைப் பெரிதாக்கிய திரையில் அந்தப் பட்டையும் பெரிதாகிப் பாதிக் கதையை விழுங்கியது. மூடும் குறி அவளுடைய பார்வைக் குழாய்க்கு வெளியே எங்கோ மூலையில் இருக்கும். துழாவிச் சலித்து அவள் எழுந்துவிடுவாள்.

பூட்டு சார் தொந்தரவுப் பட்டியல்களை ஆராயத் தொடங்கினார். அவசரப்படவில்லை. ஒன்றைச் சேர்ப்பார், வீட்டில் பயன்படுத்தும் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார், எதுவும் கெடவில்லை என்றால்தான் அடுத்ததற்குப் போவார். வார இதழ் திறந்தது. வானிலை திறந்தது. வங்கி திறந்தது. மருத்துவமனைப் பக்கத்தை இருமுறை சோதித்தார். மனைவியின் பெயர், மருந்து விவரம், ‘காத்திருப்பில் உள்ளது’ என்ற சொல் என எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. இரண்டு பட்டியல்களில் ஒன்று போதுமா என்ற ஐயம் எழுந்தபோது, பழைய வழக்கப்படி இரண்டையும் சேர்த்தார். அதே மூச்சில், கைபேசியிலும் அறியாத எண்களின் அழைப்பு ஒலிக்காதபடி செய்தார். அவள் படிக்கும் நேரம் பார்த்துத்தான் விற்பனைக்காரர்கள் கூப்பிட்டார்கள்.

அவருடைய சோதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவமனை அன்று எதையும் அறிவிக்கவில்லை என்பதைத் தவிர.

பிறகு சில மாதங்கள் அந்த வீட்டில் நல்ல காலம். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து மட்டும்.

“வெள்ளையடிச்ச வீடு மாதிரி இருக்குங்க” என்றாள். “நீங்க பூட்டினதுலயே உருப்படியான பூட்டு இதுதான்.”

அந்தப் பாராட்டை அவர் நெடுநேரம் மனத்தில் வைத்துக்கொண்டிருந்தார். காலையில் முதல் வேலையாக மருத்துவமனைப் பக்கத்தைத் திறப்பார். காத்திருப்பில் உள்ளது. மாலையிலும் திறப்பார். காத்திருப்பில் உள்ளது. ஒரு நாளும் தவறியதில்லை.

சொட்டு மருந்துக்குச் சீட்டு வாங்க இருவரும் மருத்துவமனைக்குப் போன நாளில், முகப்புப் பெண் அவர்களைக் கண்டு புருவம் உயர்த்தினாள்.

“நீங்க வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னு நினைச்சோம்மா.”

“எதை?” என்றாள் மனைவி.

“ஆபரேஷனை. போன மாசம் ஒரு இடம் காலியாச்சே. ரெண்டு தடவை போன் பண்ணினோம், யாரும் எடுக்கலை. உங்க பக்கத்துலயும் போட்டிருந்தோம்.”

“நான் தினமும் பார்க்கிறேன்” என்றார் பூட்டு சார். குரல் உயர்ந்துவிட்டது. “காலையிலயும் சாயந்திரமும் பார்க்கிறேன். அப்படி ஒண்ணு இல்லவே இல்லை.”

அந்தப் பெண் வாதாடவில்லை. தன் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அதே பக்கம், அதே பெயர், அதே ‘காத்திருப்பில் உள்ளது’. அடியில், அவர் ஒருபோதும் காணாத ஒரு சிவப்புப் பட்டை: உங்களுக்கு முன்கூட்டியே ஓர் இடம் கிடைத்துள்ளது, உறுதி செய்ய இங்கே அழுத்தவும். கீழே சிறிய எழுத்தில், காலம் கடந்துவிட்டது.

செயலியை இறக்கச் சொல்லும் பட்டையும் கண்ணைக் காக்க வந்த பட்டையும் ஒரே அச்சில் வார்த்தவை. பட்டியலை எழுதியவன் அந்த அச்சைத்தான் தடுத்தான். உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று அவன் எப்படி அறிவான்?

பேருந்தில் ஜன்னலோரம் அவள் அமர்ந்தாள். பாதி வழியில் அவர் பக்கம் திரும்பினாள்.

“அந்தப் பட்டை என்ன நிறம்?”

“சிவப்பு.”

“பெருசா?”

“பெருசுதான்.”

“நம்ம வீட்டுத் திரையில வந்திருந்தா, எனக்கே தெரிஞ்சிருக்கும் இல்ல?”

இந்த முறை அவரிடம் காட்டுவதற்குப் பலகைகூட இல்லை. மின்தூக்கியை அவர் பூட்டியபோதெல்லாம் கதவில் ஒரு பலகை தொங்கியது. பூட்டியிருக்கிறது என்று வருகிறவன் அறிந்து, திட்டிக்கொண்டாவது படியேறினான். வீட்டுத் திரையில் பூட்டியது அவர், பூட்டியதை அறியாமல் வாசலில் நின்றதும் அவரே.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணினியின் முன் அமர்ந்தார். தொந்தரவுப் பட்டியல்களின் குறிகளை எடுத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்தார். அடியிலிருந்து சிவப்புப் பட்டை மெல்ல எழுந்து வந்து நின்றது. அவள் பின்னால் வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோய் அதை முழுவதும் படித்தாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்காங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வரிசை அவர்களை மறுபடி எட்டியபோது கோடை கழிந்திருந்தது. அறுவை குறையின்றி நடந்தது. ஆனால் நரம்பு அதற்குள் பட்டுப்போயிருந்தது; கட்டைப் பிரித்தபோது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. “முன்னாடியே பண்ணியிருந்தாலும் உறுதியா சொல்ல முடியாது ஐயா” என்றார் மருத்துவர். ஆறுதலாகத்தான் சொன்னார். சந்தேகம் என்றால் நிறுத்திப் பழகிய மனிதருக்கு அந்தச் சந்தேகத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

“அப்பா, நான்தானே போட்டுக் கொடுத்தேன்” என்று மகள் தொலைபேசியில் அழுதாள்.

“நீ ரெண்டுதான் போட்ட. மிச்சம் என் கை.”

தொடர்கதை முடியவில்லை. மாலைதோறும் அவர் படித்துக்காட்ட, அவள் கேட்டாள். எல்லாப் பட்டியல்களையும் அவர் எடுத்துவிட்டிருந்தார். செருப்பு திரும்பிவந்தது, கூந்தல் திரும்பிவந்தது. திரையில் வந்தது எதையும் விடாமல், அதே நிதானக் குரலில் படித்தார்.

“ஏங்க, தைலத்தை எல்லாம் எதுக்குப் படிக்கிறீங்க? கதையைப் படிங்க.”

“எது வேணும், எது வேணாம்னு நான் முடிவு பண்றதா இல்லை.”

“பூட்டு சார் ரிட்டயர் ஆயிட்டாரா?”

“ஆயிட்டேன்.”

அவள் சிரித்தாளா என்பது அவருக்கு விளங்கவில்லை. முகம் சுவரைப் பார்த்தபடி இருந்தது. அன்று தொடங்கியதுதான் அந்த வழக்கம்: அடியில் பட்டை எழும்பினால் நிறுத்தி, அதில் உள்ளதை முழுவதும் படித்து, “மூடட்டுமா?” என்று கேட்பார். அவள் “மூடுங்க” என்று சொன்ன பிறகுதான் மூடுவார். ஒரே பட்டை நாலாம் முறை வந்தாலும் நாலாம் முறையும் கேட்பார். அவளுக்கு எரிச்சல் வந்த நாள்கள் உண்டு. கேட்பதை அவர் விடவில்லை.

சில நாள்களில் அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். அவர் கை மவுஸின்மேல் காத்திருக்கும். பழைய வேலையில் இணைப்புக் கேட்டவனை நிறுத்திவைத்ததுபோல் அவரைச் சற்று நிறுத்திவைப்பாள். அவரை மன்னித்தேன் என்று அவள் சொன்னதில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொன்னதில்லை.

கடைசி அத்தியாயத்துக்கு முந்தையதைப் படித்தபோது பட்டை ஒன்று எழுந்தது. அவர் படித்தார். மூடட்டுமா என்று கேட்டார்.

“இருக்கட்டும்” என்றாள் அவள். “அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க மேல தெரியறதைப் படிங்க.”

பாதி மறைந்த பக்கத்தில், தெரிந்த வரிகளை மட்டும் நகர்த்தி நகர்த்தி அவர் படித்து முடித்தார். மறுவாரம் நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. பூட்டு சார் கடைசியாகப் படித்துக்காட்டியது 2022 ஆகஸ்ட் 17, புதன்கிழமை.