சொல்லாமல் விட்ட வரி

"...நீங்க எழுதலைன்னா, கம்ப்யூட்டர் அதை 'இல்லை'ன்னு எடுத்துக்காது அண்ணா. 'தெரியாது'ன்னுதான் எடுத்துக்கும்," என்றாள் ஸ்டெல்லா, என் திரையைப் பார்த்தபடி.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகம். ரத்தப் பரிசோதனை லேப்களின் இணையச் சேவைகளைத் கணினிக்குப் புரியும் தர்க்க மொழியில் வரி வரியாக விவரித்து வைப்போம். கேட்பவருக்கு ஏற்ற லேபைக் கணினியே கண்டுபிடிக்கும். வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லாத பரிசோதனைகளை எங்கள் மேலாளர் சார் அன்று அதில் தேடிக் காட்டினார். அவள் எழுதியவை எல்லாம் வந்தன. என்னுடையது ஒன்றுகூட வரவில்லை. தேவையில்லாததை எதற்கு எழுதுவது என்று, 'வெறும் வயிறு தேவையில்லை' என்ற வரியையே நான் விட்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமை கிளையண்ட் முன்னாடி ஸ்டெல்லா பேசட்டும்," என்று சொல்லிவிட்டுச் சார் அறைக்குள் போய்விட்டார். யாரும் சொல்லித் தராமல் முட்டி மோதிக் கற்றவன் நான். இவளோ போன வருஷம் வந்தவள்.

"நல்லா பாடம் நடத்துறே. என் வேலை நல்லாருக்குன்னு என்னிக்காவது சொல்லியிருக்கியா?" வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்தாள். "சொல்லலைதான். அதனால நல்லாயில்லைன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

இத்தனை மாதமும் அவள் பேசாமல் இருந்ததை எல்லாம் அப்படித்தான் எடுத்துக்கொண்டு புழுங்கியிருக்கிறேன்.

ஸ்டெல்லா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நேராகப் போய்ச் சார் அறைக் கதவைத் திறந்தாள்.

"சார், லேப் லேபா ஏறி இறங்கி, எல்லார்கிட்டயும் பேசி விவரம் வாங்கினது அண்ணாதான். வெள்ளிக்கிழமை அவர் வந்தாத்தான் நானும் வருவேன்," என்று சொல்லி, அங்கேயே நின்றாள்.