தூசி அக்கா

"பவுடர் போட்டிருக்கீங்க சார். கழுவிட்டு வாங்க."

எதிரில் நிற்பவர் துறைத்தலைவர். அக்கா அவர் காலரில் டேப்பை அழுத்தி எடுத்து, விளக்கில் திருப்பிப் பார்க்கிறார்.

"ஏம்மா, இந்த லேபையே கட்டினது நான்தாம்மா."

"நீங்கதான் சார். தூசிக்கு அது தெரியாதே. தாடிக்கும் உறை இருக்கு, இடது பக்கத் தட்டுல."

எங்கள் பல்கலைக்கழகத்தில் நாற்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். அவர்களில் கணினிச் சிப் செய்யும், தூசியே ஆகாத தூய அறைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இந்த உடைமாற்றும் அறையையும் இவரையும் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே ஒரு துகள் விழுந்தால் ஒரு சிலிக்கான் தகடு பாழ். அதனால் இவர் தூசி அக்கா. பெயர் அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. கோபமில்லை.

அவரும் என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவிதான். ஆறாம் வருடம். எங்கள் விசாவில் வாரம் இருபது மணி நேரம் வேலை பார்க்கலாம். அந்த இருபதும் இங்கேதான் போகிறது. நாற்காலி இருக்கிறது, அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. பஞ்சு உதிரும் என்று கம்பளி போட மாட்டார். குளிர் மாதங்களில் மூன்று சட்டை ஒன்றன்மேல் ஒன்று. மதியம் தாழ்வாரத்தில் நின்றே ஒரு ஆப்பிளைக் கடித்துவிட்டு முழங்கை வரை கழுவுவார். படிப்பை எப்போது முடிப்பாய் என்று ஊரிலிருந்து அவர் அம்மா போனில் கேட்டால் பதில் தயார்: "எல்லாரும் முடிச்சுட்டாங்கம்மா. நான் ஒருத்திதான் பாக்கி. கடைசியா கதவைச் சாத்த ஆள் வேணும்ல?"

யார் என்ன கேட்டாலும் விளக்குவார். ஆனால் பிறர் தகட்டைத் தொட மாட்டார். "உன் தகடு, உன் பாடு. நான் தொட்டுக் கெட்டுப்போனா ஆயுசுக்கும் என்னைத் திட்டுவ."

ஏழு வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, தூய அறைக்குள், தகடுகளைச் சூடேற்றும் உலை முன் நின்றிருந்தேன். பன்னிரண்டு தகடுகள், நான்கு மாத உழைப்பு. அன்று ஒரு சூடேற்றம், அதே வாரத்தில் இன்னொன்று. எது தவறினாலும் எல்லாம் குப்பை. அடுத்த மாதம் உதவித்தொகைக் குழு முடிவுகளைப் பார்க்கும். முடிவு இல்லையென்றால் பணம் இல்லை, பணம் இல்லையென்றால் விசா இல்லை. ஊரில் அப்பா மருத்துவமனையில் இருந்தார். என் கைபேசி, விதிப்படி, வெளியே அக்காவின் பக்கத்துப் பெட்டியில் இருந்தது.

ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் வந்தது. "வெளிய வா."

"இன்னும் மூணு மணி நேரம் இருக்குக்கா."

"உலையை நான் பாத்துக்கறேன். நீ வா."

அப்பா போய்விட்டார் என்று அந்த வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. அண்ணனின் பதினான்கு அழைப்புகளைப் பிறகுதான் பார்த்தேன்.

அக்கா ஆறுதல் சொல்லவில்லை. என் மேலுடையின் ஜிப்பை இறக்கிக்கொண்டே பேசினார். "பாஸ்போர்ட் எங்க? சரி. வெளிநாட்டு மாணவர் ஆபீஸ்ல கையெழுத்து வாங்காம கிளம்பிடாத, திரும்ப வர முடியாது. கண்ணைத் துடைக்காத. அப்படியே போய் நில்லு, வரிசையில முன்னால விடுவாங்க."

விட்டார்கள். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடிந்தது.

மூன்று வாரம் கழித்துத் திரும்பியபோது என் தட்டில் பன்னிரண்டு தகடுகளும் இருந்தன. கூடவே ஒரு தாள்: தகட்டுக்கு ஒன்பது இடங்களில், உலைச் சூட்டில் படிந்த படலத்தின் தடிமன். நூற்றெட்டு எண்கள், அக்காவின் பொடி எழுத்தில். அடியில், "மூணாவது தகடு ஓரத்துல கொஞ்சம் மெலிசு. என் தப்பு."

உலையின் பதிவேட்டைப் புரட்டினேன். புதன்கிழமை என் முறை அடிக்கப்பட்டிருந்தது: "ஆள் வரவில்லை, ரத்து." அதுவும் அக்காவின் எழுத்துதான். வெள்ளிக்கிழமை அவருடைய முறை. அங்கே அவர் பெயர் அடிக்கப்பட்டு என் பெயர் இருந்தது. அவருக்கு மறுபடி உலை கிடைப்பது ஒன்பது வாரம் தள்ளி.

"ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா நீ தேங்க்ஸ்னு சொல்லுவ, நான் பரவால்லன்னு சொல்லுவேன். ரெண்டு பேருக்கும் நேரம் வீண்."

"உங்க படிப்பு?"

"அது எங்க ஓடப்போகுது? ஆறு வருஷமா இங்கயேதான் கிடக்கு."

நேற்று குழுவின் பதில் வந்தது. உதவித்தொகை தொடர்கிறது. உடைமாற்றும் அறையில் நின்றபடியே அப்பாவின் எண்ணை அழுத்தினேன். மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது.

"இங்க அழாத," என்றார் அக்கா. "கண்ணீர்ல உப்பு இருக்கு. உள்ள போனா எல்லார் வேலையும் போச்சு."

தோளைப் பிடித்துத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார், தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடையோடு. அந்த உடை அறையைத் தாண்டி வெளியே வந்தால் மறுபடி உதவாது. வகுப்பு விட்டு நூறு பேர் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"இப்ப அழு."

எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கைகளையும் இடுப்பில் அகல ஊன்றி, கூட்டம் கடந்து போகும்வரை என்னை மறைத்துக்கொண்டு நின்றார்.