இரண்டு முகவரிக்காரரின் வேன்

ஃபஹ்மியாவின் வேலை என்னவென்று விளங்கப்படுத்தப்போய் நான் பலரிடம் தோற்றிருக்கிறேன். மதுரங்குளிச் சந்தியில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் நானும் அவளும். கொழும்புக் கம்பனி ஒன்றின் இணையச் சேவையைப் பரிசோதிப்பது எங்கள் தொழில். சிறுநீரகம் பழுதாகி இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்களின் பெயர்களை ஆஸ்பத்திரிக் கணினி அனுப்பும். எந்த வேன் எந்த வாசலுக்குப் போகவேண்டும் என்று அந்தச் சேவை சாரதியின் போனுக்குச் சொல்லும். ஒரு மூலையைத் திருத்தினால் இன்னொரு மூலை உடையும். அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும், நேற்றுவரை ஓடியது இன்றும் ஓடுகிறதா என்று பழைய பரிசோதனைகளைத் திரும்ப ஓட்டவேண்டும். எல்லாவற்றையும் ஓட்ட நேரம் கிடைக்காது. எதை முதலில் ஓட்டுவது, எதை விடுவது என்பதில்தான் ஃபஹ்மியா கெட்டிக்காரி.

"இது உடைஞ்சா ஆரு மவுத்தாகுவாங்க?" என்று கேட்பாள். சாகக்கூடியவர் ஒருவராவது இருந்தால் அது மேலே போகும். மற்றதெல்லாம் பிறகு. "என்ன கதை புள்ள இது!" என்று நான் சிரிப்பேன். அவள் சிரிக்கமாட்டாள்.

அவளுடைய வாப்பா ஹயாத்து முகம்மது, வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட தொண்ணூறில், சிலாவத்துறையிலிருந்து உடுத்த துணியோடு வந்து ஆலங்குடாவில் குடியேறியவர். காணியும் வாக்கும் இன்னும் அங்கே. வீடும் சிறுநீரக நோயும் இங்கே. இப்படி இரண்டு முகவரி உள்ளவர்கள் எங்கள் பக்கம் எத்தனையோ பேர். அவர்களுக்கு வேன் இங்குள்ள வாசலுக்கே வருகிறதா என்று பார்க்கும் பரிசோதனையை எழுதியவள் ஃபஹ்மியா. எப்போதும் அதைத்தான் முதலில் ஓட்டுவாள்.

புதிதாக வந்த மேலாளர் றுமைஸுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தார். அண்மையில் தோற்ற பரிசோதனைகளை அது மேலே தூக்கும், ஒருநாளும் தோற்காததைக் கீழே தள்ளும். நேரம் முடிந்தால் கீழே கிடப்பது ஓடாது. சும்மா சொல்லக்கூடாது, பல இடங்களில் அது நல்ல முறைதான். அந்த வியாழக்கிழமை சாரதிகளின் வரைபடத்தைத் திருத்தியிருந்தார்கள். பின்னேரத்துக்குள் வெளியிட வேண்டும். மென்பொருள் போட்ட ஒழுங்கைப் பார்த்த ஃபஹ்மியாவின் முகம் கறுத்துவிட்டது. உடனே றுமைஸுக்குப் போன் எடுத்தாள்.

"சேர், ரெண்டு முகவரி அடியில கிடக்கு. அத மேல எடுங்க."

"அது ஒருநாளும் ஃபெயிலாகல்லயே. முகவரியில நாங்க கை வைக்கவும் இல்ல."

"வரைபடம் முகவரியத்தானே சேர் வாசிக்குது?"

"நேரம் இல்ல ஃபஹ்மியா. வந்த ஒழுங்கில ஓட்டுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அந்த ஒழுங்கிலேயே ஓட்டினாள். ஓடியதெல்லாம் பச்சை. நேரம் முடிந்தது, வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு தன்பாட்டில் அடியில் கிடந்த இரண்டு முகவரிப் பரிசோதனையை ஓட்டினாள். சிவப்பு. இரண்டு முகவரிக்காரரைப் புதிய வரைபடம் சிலாவத்துறைப் பக்கம் போட்டுவிட்டது. அங்கே எங்கள் வேன் ஓடுவதில்லை. அதனால் அவர்களின் பெயரையே சத்தமில்லாமல் விட்டுவிட்டது.

"யா அல்லாஹ்," என்றாள். மறுபடி றுமைஸுக்கு எடுத்தாள். "நாளைக்குக் கூட்டம் முடியப் பார்ப்பம்," என்றார். கூட்டமாம்! வேன்கள் விடிய முன்னமே புறப்பட்டுவிடும். ஆஸ்பத்திரிக்கும் எடுத்துப் பார்த்தாள், மணி அடித்துக்கொண்டே கிடந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. நோயாளிகளின் பெயர்களைப் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை. வாப்பாவுக்கு மட்டும் காலைக்கு ஒரு த்ரீவீல் ஆட்டோ பேசினாள். வேறென்ன செய்வாள், பாவம்.

காலையில் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். வாப்பாவுக்கு ஊசி ஏற்றிப் படுக்கவைத்தார்கள். அவர் வெறுமையாகக் கிடந்த பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்.

"சபூரா ராத்தாவ இன்னும் காணல்லயே. அவவும் நம்மட சிலாவத்துறதான்."

"வேன் போயிருக்காது வாப்பா."

வாப்பா மகளைப் பார்த்தார். "ஓம். அவக்குக் கம்பனியில மக இல்லையே," என்றார். குத்திச் சொல்லவில்லை. ஆனால் ஃபஹ்மியா எழும்பிவிட்டாள்.

அதே த்ரீவீலில் சபூராவைத் தேடி ஆலங்குடாவுக்குத் திரும்பினோம். தெருவோரம் பிளாஸ்டிக் கதிரையில், மடியில் பையோடு சபூரா இருந்தார். கால் இரண்டும் வீங்கி, வாயால் மூச்சு வாங்கினார்.

"வேன் பிந்திட்டுது போல மக. மழைக்கு ரோட்டுல தண்ணியோ என்னவோ. பாவம் அந்த டிரைவர்."

இருவருமாகத் தூக்கி ஏற்றினோம். அவருடைய தலை ஃபஹ்மியாவின் தோளில் சரிந்தது. பாதி வழியில் றுமைஸே அவளுக்குப் போன் எடுத்தார். நானும் கேட்க அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாத்தீங்களா ஃபஹ்மியா, எல்லாம் நல்லா ஓடுது. இதுவரைக்கும் ஒரு முறைப்பாடும் இல்ல."

ஃபஹ்மியா போனைச் சபூராவின் வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

"கேளுங்க சேர்," என்றாள்.

றுமைஸ் கேட்டுக்கொண்டிருந்தார், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பாலாவிச் சந்தி தாண்டியபோது சபூராவின் மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது.